லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

பிரேம்குமாருக்கு வரதட்சணை என்றாலே ஆகாது. பெண் பார்க்கப் போன அன்றைக்கே, கொடுத்த காபியை வாயில் வைக்குமுன், "ஒரு குண்டுமணி தங்கம்கூட எனக்கு வேண்டாம்" என்று நாலு பேர் காதில் விழச் சொன்னவன். அதற்கப்புறம் அதை நாற்பது பேரிடமாவது தானே எடுத்துச் சொல்லியும் இருப்பான். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு தனியார் எஞ்சினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் லெக்சரர். மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகளுக்கு நெட்வொர்க் பாடமே அவன்தான் எடுக்கிறான். லேபில் எந்தப் பையனாவது "சார், வேலை செய்யல" என்று எழுந்தால், "மொதல்ல சுவிட்சப் போட்டியான்னு பாருடா" என்று சொல்லி மொத்த வகுப்பையும் சிரிக்க வைப்பான்.

அப்பேர்ப்பட்ட உத்தமன், தலை தீபாவளிக்கு ஒரு மாசம் இருக்கையில், இட்லியைப் பிட்டுக்கொண்டே பெண்டாட்டி வெற்றிச்செல்வியிடம் சொன்னான்:

"உங்கப்பாவ மோதிரம் கீதிரம்னு எதுவும் செய்ய வேணாம்னு சொல்லிடு. மோதிரத்த வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? ஒரு லேப்டாப்பா இருந்தாலாவது காலேஜுக்கு ஆகும்."

சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான். அப்படித்தான் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் சொல்லிவிட்டு, அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தானே, அந்தப் பார்வைக்கு என்ன பேர் என்று அவனுக்கே தெரியும்.

வெற்றிச்செல்வியின் அப்பா மாயவன், கல்லங்குறிச்சிக்காரர். அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிற வேலை. மூட்டை ஏற்றி முடித்த லாரியின் உச்சியில் ஏறி, தார்ப்பாயை விரித்து, நாலு பக்கமும் கயிறு இழுத்து முடிச்சுப் போடுவார். மாயவன் கட்டின லாரி என்றால் வழியில் எத்தனை மழை அடித்தாலும் ஒரு மூட்டை நனையாது என்று டிரைவர்கள் சொல்வார்கள். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தே காலத்தை ஓட்டினவர். மகளை டீச்சர் ட்ரெயினிங் வரைக்கும் படிக்க வைத்து, ஒரு காலேஜ் வாத்தியாருக்குக் கட்டிக் கொடுத்ததில் மாயவனுக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை வாயைத் திறந்து ஒன்று கேட்டுவிட்டார் என்றதும், தெரிந்த டிரைவர் வீரமணியோடு சிமெண்ட் லாரியிலேயே மெட்ராஸ் போய், ஏதோ ஒரு சந்துக் கடையில் லேப்டாப்பை வாங்கி, வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

தீபாவளியன்று காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச்சட்டை போட்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் முன்னால் தாம்பாளத்தில் அதை வைத்து நீட்டினார்.

"புதுசு இல்ல மாப்ள. புதுசு நமக்கு எட்டல. ஒரு கம்பெனியில வச்சிருந்ததாம். நல்லா ஓடும்னு கடைக்காரன் அடிச்சுச் சொன்னான்."

"அதுக்கென்ன மாமா" என்றான் பிரேம்குமார். உள்ளுக்குள் கொஞ்சம் சப்பென்று போனது நிஜம்.

மாமியார் ரெங்கம்மாள் சும்மா இருப்பாளா? வீட்டுக்குள் எந்தச் சாமான் வந்தாலும், அது பீரோவோ மிக்சியோ மோட்டார் சைக்கிளோ, பொட்டு வைக்காமல் அவள் வீட்டில் யாரும் தொடக்கூடாது. பெருமாள் கோயில் சந்தனத்தைக் குழைத்து லேப்டாப்பின் மூடியில் வரிசையாக மூன்று பொட்டு வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதன் முன்பக்க விளிம்பில் நட்டநடுவே, கட்டை விரலால் அழுத்தி இன்னொன்று தடிமனாக வைத்து அதன் மேல் குங்குமமும் வைத்தாள்.

"எல்லாம் நல்லபடியா நடக்கும் மாப்ள. எடுத்துக்கங்க."

பெரம்பலூர் வீட்டுக்கு வந்ததும் பிரேம்குமார் செய்த முதல் வேலை, ஈரத்துணியை எடுத்து மூடியைத் துடைத்ததுதான். பொட்டும் பூவுமாக இதைக் கொண்டுபோய் ஸ்டாஃப் ரூமில் வைத்தால் என்ன ஆகும்? முன் விளிம்புக்குத் துணி போனபோது வெற்றி கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஒண்ணையாவது வுடுங்க. அம்மா வச்சது." சரி, விளிம்பில் இருப்பதை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று விட்டான். அது காய்ந்து, கல்லாட்டம் இறுகி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

அந்த வருஷம்தான் காலேஜில் கம்பியில்லாத இன்டர்நெட் போட்டிருந்தார்கள். அது ஒரு பெரிய பெருமை. லேப்டாப் வைத்திருக்கிற நாலு லெக்சரர்களும் லைப்ரரி வராந்தாவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, ஒயர் எதுவும் இல்லாமலே மெயில் பார்ப்பார்கள். போகிற வருகிற பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ஐந்தாவது ஆளாகப் போய் உட்கார்ந்தான் பிரேம்குமார்.

அவனுடையதில் மட்டும் வரவில்லை.

லேப்டாப்பை ஆன் செய்தாலே முதலில் ஏதோ ஒரு மெட்ராஸ் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் வரும். ஆரம்பத்திலேயே ஒரு பட்டனை அமுக்கி அடிப்படை செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தான். அங்கே வயர்லெஸ் என்ற வரி சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. மாற்றப் போனால் பாஸ்வேர்டு கேட்டது. லேப் டெக்னீஷியன் உத்திராபதி வந்து தனக்குத் தெரிந்த எல்லா வித்தையும் காட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"பழைய கம்பெனிக்காரன் பூட்டி வச்சுட்டுப் போயிட்டான் சார். சாவி அவன்கிட்டதான் இருக்கு."

பக்கத்தில் இருந்த எச்.ஓ.டி. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, முன் விளிம்பைக் காட்டி, "என்ன பிரேம், லேப்டாப்புக்கு ஆயுத பூஜை போட்டீங்களா?" என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். பிரேம்குமாரும் சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் காது மடல் இரண்டும் சுட்டது.

அந்தச் சூட்டோடு, அதுதான் அவன் செய்த முதல் தப்பு, வராந்தா கோடிக்குப் போய் செல்லை எடுத்து மாமனாரைக் கூப்பிட்டான்.

"மாமா, பூட்டின பெட்டிய ஒங்க தலையில கட்டிட்டானுங்க. இன்டர்நெட்டு வரல. பாஸ்வேர்டு இல்லாம இது வெறும் தகரம். வாங்குறதுக்கு முன்னாடி வெவரம் தெரிஞ்சவங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

அந்தப் பக்கம் லாரி உறுமுகிற சத்தம் கேட்டது. "தப்பாப் போச்சு மாப்ள" என்றார் மாயவன். "அது என்னா பேரு சொன்னீங்க? பாசு..?"

"பாஸ்வேர்டு."

"நான் கேட்டு வாங்கியாந்துடறேன். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

போனை வைத்ததும் பிரேம்குமாருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. இருந்தாலும், அவர் என்ன, அரியலூரில் யாரையாவது விசாரிப்பார், இரண்டு நாளில் மறந்துவிடுவார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். அன்று செவ்வாய்க்கிழமை. மூன்று வாரம் முன்னால் கேட்ட தீபாவளிப் பட்டாசுச் சத்தம் எல்லாம் ஓய்ந்து, அரியலூர் மறுபடியும் தனி ஜில்லா ஆகி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

வியாழக்கிழமை காலை ஸ்டாஃப் ரூமில் யாருமில்லை. எல்லோரும் வகுப்புக்குப் போயிருந்தார்கள். ஒரு கேள்வித்தாளை மெயிலில் அனுப்ப வேண்டும், லேபில் எல்லா மெஷினிலும் பிள்ளைகள். எரிச்சலில் லேப்டாப்பை மேஜை மேல் பொத்தென்று வைத்தான். வைத்த வேகத்தில் முன் விளிம்பிலிருந்து மஞ்சளாக ஒரு சில்லுத் தெறித்து மடியில் விழுந்தது. சந்தனம். பாதிப் பொட்டு பெயர்ந்து வந்திருந்தது. இது வேறயா என்று மீதியை நகத்தால் சுரண்டினான்.

நகத்துக்கடியில் ஏதோ நகர்ந்தது.

குனிந்து பார்த்தான். அரிசி மணி அளவுக்கு ஒரு சின்ன சுவிட்ச். இடதுபக்கம் இருந்தது இப்போது வலதுபக்கம் போயிருந்தது. அதற்குப் பக்கத்தில் பொட்டு விளக்கு ஒன்று நீலமாக எரிந்தது. திரையின் மூலையில், இத்தனை நாளும் வராத சிக்னல் கோடு நாலும் வந்து நின்றது. தன் பாட்டுக்கு மெயில் ஒன்று இறங்கியது.

அடக் கடவுளே! பூட்டாவது சாவியாவது. கம்பெனிக்காரன் பாஸ்வேர்டு போட்டிருந்தது செட்டிங்ஸுக்குத்தான், இன்டர்நெட்டை அவன் பூட்டவே இல்லை. அந்தச் செட்டிங்ஸ் பக்கம் சுவிட்ச் ஆஃபில் இருப்பதைத்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சந்தனத்தைக் குழைத்து அழுத்தி வைத்த ரெங்கம்மாளின் கட்டை விரல்தான் அதை ஒரு நூல் தள்ளியிருக்க வேண்டும். ஆனால் அவளா நெட்வொர்க் பாடம் எடுக்கிறாள்? சுவிட்சைப் பார் சுவிட்சைப் பார் என்று வருஷம் பூராவும் பிள்ளைகளிடம் கத்துகிறவன் யார்? பிரேம்குமாருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

உத்திராபதி எட்டிப் பார்த்தான். "என்ன சார், வந்துடுச்சா?"

"ம்... ஒரு சாஃப்ட்வேர் போட்டேன்" என்றான். எவ்வளவு லாகவமாக வந்தது அந்தப் பொய்! வாய்க்குள் முன்கூட்டியே தயாராக இருந்த மாதிரி வந்தது.

உத்திராபதி போனதும் மாமனாருக்குப் போன் போட்டான். ரெங்கம்மாள்தான் எடுத்தாள்.

"மாப்ளயா? சாப்டீங்களா? வெற்றி நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா அத்தை. மாமா இல்லீங்களா?"

"அவரு மெட்ராசுக்குப் போயிட்டாரே! செவ்வாக்கெழம சாயங்காலமே வீரமணி லாரியில ஏறிட்டாரு. ஒங்களுக்கு ஏதோ வாங்கணும்னு, சொன்னா பேரு வாயில நொழைய மாட்டேங்குது. செல்ல எங்கிட்டயே வுட்டுட்டுப் போயிட்டாரு. நேத்து வீரமணி போன்லேருந்து பேசுனாரு. கடைக்காரன் கைய விரிச்சுட்டானாம், அந்தக் கம்பெனிக்கே போறேன்னாரு. வீரமணி நம்பரு தரட்டுமா? அவன் அங்கதான் லோடுக்கு நிக்கிறான், இவர் தெனம் ராத்தங்குறது அந்த லாரியிலதான்."

பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். பத்து நம்பர். கூப்பிட வேண்டியதுதான். "மாமா, சரியாப் போச்சு, வந்துடுங்க" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

ஆனால் எப்படிச் சரியாச்சு மாப்ள என்று கேட்பாரே. என்ன சொல்வது? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல என்று முந்தாநாள் எகிறினவன், இன்றைக்கு, சுவிட்சைப் பார்க்கலை மாமா என்று சொல்வதா? சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தான். தயிர்சாதத்தைச் சாப்பிட்டான். குழாயடியில் கையைக் கழுவினான். மை கரைந்து, நம்பர் கலங்கி, விரல் நுனி வழியாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கழுவினான். அதற்குப் பிறகு, நம்பர் அழிஞ்சுபோச்சே, நான் என்ன செய்ய என்று ஒரு சாக்குக் கிடைத்தது. மாமியாரிடம் மறுபடி கேட்டால் தருவாள் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் அந்தச் சுவிட்சைப் பழையபடி இடதுபக்கம் தள்ளிவிட்டான். நீல விளக்கு அணைந்தது.

வெள்ளிக்கிழமை டிவியில் மெட்ராஸ் மழையைக் காட்டினார்கள். முழங்கால் தண்ணீரில் பஸ் ஊர்ந்தது. வெற்றி கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள்.

"கொட எடுத்துட்டுப் போனாரான்னு தெரியல. அப்பாவுக்கு நனைஞ்சா ஒத்துக்காது" என்றாள். பிறகு, அவனைப் பார்க்காமல், "நீங்க கோவமாப் பேசினீங்களா அவருகிட்ட?" என்று கேட்டாள்.

"கோவம்லாம் இல்ல. வெவரம் சொன்னேன்."

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதே சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தான். இரண்டு தடவையும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். நேற்றுக் காலைவரை நடந்தது தெரியாமல் நடந்தது, இன்றைக்குப் பெய்கிற மழை என் கணக்கில்தான் என்று மனசு குத்தியது. குத்தட்டும் என்று விட்டுவிட்டு, அவர் சிரமப்பட்டு வாங்கிக்கொண்டு வருகிறதை வீண் என்று சொல்வதுதான் பாவம், அதைப் போட்டதும் வேலை செய்கிற மாதிரிக் காட்டிவிட்டால் அவருக்குத்தானே சந்தோஷம் என்று புதிதாக ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்தான். படித்தவனுக்கு நியாயத்துக்கா பஞ்சம்!

சனிக்கிழமை காலேஜ் லீவு. காலை ஒன்பது மணிக்கு ரெங்கம்மாள் போன் செய்தாள். வீரமணி லாரி விழுப்புரம் தாண்டிவிட்டது, மதியம் அவர் நாலு ரோட்டில் இறங்கி நேரே அங்கே வருகிறார் என்றாள். வெற்றி சந்தோஷமாகக் கீரை வாங்கக் கடைக்கு ஓடினாள்.

பிரேம்குமார் லேப்டாப்பை எடுத்துப் பார்த்தான். பொட்டு இருந்த இடம் மொட்டையாக, சுவிட்ச் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. இதைப் பார்த்தால் குழந்தைக்கும் தெரிந்துவிடும். பதினொன்றரைக்கு, வெற்றி அடுப்படியில் இருக்கும்போது, சாமி மாடத்திலிருந்த சந்தனத்தை உள்ளங்கையில் போட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தான். ரெங்கம்மாள் வைத்த மாதிரியே, தடிமனாக, சுவிட்சின் மேல் வைத்தான். மேலே குங்குமம். அவசரத்தில் கொஞ்சம் கோணலாக விழுந்தது. திருட்டு மாதிரி இருக்கிறதே என்று நினைத்தான். மாதிரி என்ன மாதிரி, திருட்டேதான்.

இரண்டு மணிக்கு மாயவன் வந்தார். தலை, மீசை, புருவம் எல்லாம் சிமெண்ட் தூசி. சட்டை கசங்கி, ஈரம் காய்ந்த நாற்றம். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தரையில் உட்காரப் போனார். வெற்றி இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"சாப்புடலாம்ப்பா மொதல்ல."

"இரும்மா. மாப்ள வேலை முடியட்டும்." இடுப்பிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றின பொட்டலம் ஒன்றை எடுத்தார். அதைப் பிரித்தால் உள்ளே இன்னொரு பை. அதற்குள் நாலாக மடித்த காகிதம். தார்ப்பாய்க்கு முடிச்சுப் போடுகிறவர் அல்லவா, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை.

"கம்பெனி கேட்ல வுட மாட்டேன்னுட்டான் மாப்ள. ஒரு நாள் பூரா நின்னேன். மறுநா வேற வாட்ச்மேன். பேச்சுக் குடுத்தா, நம்ம ஜெயங்கொண்டத்துக்காரன்! அவன்தான் உள்ள சொல்லி, கம்ப்யூட்டர் பாக்குற பொண்ண கேட்டுக்கு வர வச்சான். சுகன்யான்னு பேரு. தங்கமான பொண்ணு."

"மழையில நனைஞ்சீங்களாப்பா?" என்றாள் வெற்றி.

"எங்க நனைஞ்சேன்? வாட்ச்மேன் கூண்டுல ஸ்டூல் போட்டு உக்கார வச்சுட்டான். டீ வேற." மாயவன் சிரித்தார். "அந்தப் பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு மாப்ள. ‘ஐயா, முன்னாடி ஒரு சின்ன சுவிட்சு இருக்கும், அதத் தள்ளிப் பாத்தாங்களா, பாத்துட்டு வரச் சொல்லுங்க’ன்னுச்சு. மூணு தடவ சொல்லிச்சு. எனக்குக் கோவம் வந்துடுச்சு. ‘எம்மா, எங்க மாப்ள யாருன்னு நெனச்ச? காலேஜுல நூறு புள்ளைங்களுக்கு இதையே பாடம் நடத்துறவரு. சுவிட்சப் பாக்காமயா என்னைய மெட்ராசுக்கு அனுப்புவாரு? நீ பூட்டத் தொறக்குற வழிய மட்டும் குடு’ன்னு சத்தம் போட்டுட்டேன். அப்புறம் ஒண்ணும் பேசாம எழுதிக் குடுத்துச்சு. தப்பு வந்துடக் கூடாதுன்னு ரெண்டு தரம் எழுதச் சொன்னேன்."

பிரேம்குமார் காகிதத்தை வாங்கினான். ஒரே பாஸ்வேர்டு மேலும் கீழும் இரண்டு முறை எழுதியிருந்தது. அடியில் ஒரு செல் நம்பர்.

"போடுங்க மாப்ள. சரியாச்சுன்னா முன்னாடி நீலமா லைட்டு எரியுமாம்." நாற்காலியை விட்டு எழுந்து வந்து, மாயவன் அவன் தோளுக்குப் பின்னால் நின்றார். சினிமா பார்க்கிற குழந்தைபோல் அவர் முகம் மலர்ந்திருந்தது.

லேப்டாப்பைத் திறந்தான். பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். செட்டிங்ஸ் திறந்துகொண்டது. என்னத்தையோ மாற்றுகிற மாதிரி இரண்டு பட்டனைத் தட்டினான். விளக்கு எரியவில்லை. எப்படி எரியும்?

"எரியலியே?" மாயவன் குரல் இறங்கிப் போனது. "தப்பா எழுதிக்கிட்டு வந்துட்டேனா மாப்ள? நான்தான் அவசரப்படுத்திட்டேன் போலருக்கு அந்தப் பொண்ண."

இதுதான் சமயம், சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று கத்தியது. ஆனால் கட்டை விரல் அவனைக் கேட்காமலே விளிம்புக்குப் போய், சந்தனத்துக்கு அடியில் சுவிட்சைத் தள்ளிவிட்டது. நீல விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"அட்றா சக்க!" மாயவன் கையைத் தட்டினார். "வெற்றி, வந்து பாரும்மா! எரியுது பாரு!"

குனிந்து, அந்த விளக்கைச் சாமி கும்பிடுகிற மாதிரி விரலால் தொட்டார். தொட்ட விரல் பக்கத்திலிருந்த பொட்டிலும் பட்டது. விரலை எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தார். அதில் சந்தனம் ஒட்டியிருந்தது. சந்தனத்தைத் துணியில் துடைக்கிற பழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது. அப்படியே கொண்டுபோய், சிமெண்ட் தூசி படிந்த நெற்றியில், புருவத்துக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் ஒங்க அத்த வச்ச பொட்டு மாப்ள. பெருமாள் கைவுடல" என்றார்.

பிரேம்குமார் நிமிர்ந்து பார்த்தான். வெளுத்த நெற்றியில் அந்தப் பொட்டு ஈரமாக, மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. காலையில் அவன் உள்ளங்கையில் குழைத்த அதே சந்தனம். தன்னுடைய பொய்யை அந்த மனுஷன் நெற்றியில் சுமந்துகொண்டு நிற்கிறார். இதற்குமேல் அவனால் முடியவில்லை.

"மாமா, அது அத்த வச்ச பொட்டு இல்ல" என்றான். "இன்னக்கிக் காலைல நான் வச்சது. அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. பொட்டுக்கு அடியில இருந்த சுவிட்ச்தான் மாமா. நான் பாக்கல. வியாழக்கெழமையே தெரிஞ்சு போச்சு. அத்தை வீரமணி நம்பர் குடுத்தாங்க, அப்பவே கூப்புட்டிருக்கலாம். வெக்கமா இருந்துச்சு, கூப்புடல. ஒங்கள அங்க நிக்க வச்சுட்டு நான் இங்க..."

அடுப்படி வாசலில் வெற்றி அசையாமல் நின்றாள். அவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது.

மாயவன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். விரலை விரலோடு தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

"தெரிஞ்சுது மாப்ள" என்றார். "மூணு வாரத்துச் சந்தனம் வெரல்ல ஒட்டாதே."

தெருவில் ஒரு பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார்.

"ஒங்க அத்தைகிட்ட மட்டும் இதச் சொல்லிடாதீங்க" என்றார். "தான் வச்ச பொட்டுதான் அடைச்சிக்கிச்சுன்னு தெரிஞ்சா, ஒரு மாசத்துக்குச் சோறு எறங்காது அவளுக்கு." பிறகு காகிதத்தைக் கண்ணால் காட்டினார். "அதுல அந்தப் பொண்ணு நம்பரு இருக்கு. ஒரு போன் போட்டு, நீ சொன்னதுதாம்மா சரின்னு சொல்லிடுங்க. பாவம், தெரிஞ்சத சொன்ன புள்ளைய நான் சத்தம் போட்டுட்டு வந்துட்டேன். அது ஒண்ணுதான் எனக்கு உறுத்துது."

அவ்வளவுதான். கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். வெற்றி அப்பாவுக்குச் சோறு போட்டாள். பிரேம்குமார் இருக்கிற பக்கமே அவள் திரும்பவில்லை.

அவன் செல்லை எடுத்து அந்த நம்பரை அடித்தான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"மேடம், நான் அரியலூர் மாயவன் மருமகன் பேசறேன். பெரம்பலூர்லேருந்து. நீங்க சொன்ன மாதிரி சுவிட்ச்தாங்க. தப்பு எம்மேலதான். அவரு ஒங்ககிட்ட சத்தம் போட்டுட்டாராம், மன்னிக்கச் சொன்னாரு."

"அய்யோ, அதெல்லாம் விடுங்க சார்" என்றாள் அந்தப் பெண். "ஐயா ஊர் வந்து சேந்துட்டாரா? காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே? ரெண்டு நாளா கேட்டுக்கு வெளியில மழையிலயே நின்னுட்டிருந்தாரு சார். வாட்ச்மேன் கூண்டுக்குள்ள வாங்கன்னு எத்தன தடவ கூப்புட்டாரு தெரியுமா? சட்டையெல்லாம் சிமெண்டு, உள்ள அழுக்காயிடும்னு சொல்லி வரவே மாட்டேன்னுட்டாரு. பாஸ்வேர்ட எழுதிக் குடுத்தப்ப, அத நனையாம சுத்தத்தான் பை கேட்டாரே தவிர, தலையில போட்டுக்க ஒண்ணும் கேக்கல."

பிரேம்குமார் திரும்பிப் பார்த்தான். மாயவன் தட்டில் குனிந்து, ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். நெற்றியில் அந்தப் பொட்டு காய ஆரம்பித்திருந்தது. அவர் இரண்டு முறை தும்மினார். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சிமெண்டு தூசிம்மா" என்றார் மகளிடம்.